தேய்க்க வேண்டாம் என்று சொன்ன கல்

நீ ப்ரூஃப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன கல்யாண அழைப்பிதழ் நான்கு நாளாக என் மேசை மேல் இருக்கிறது. நேற்று மதியம் ஆம்பூரிலிருந்து, கம்பெனி சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டாய். "இன்னாமா, ஒரு பக்கம் படிக்க உனுக்கு நாலு நாளா? பசங்க பேப்பர் நூறு இருந்தாலும் ஒரே நாள்ல திருத்திப் போடுவ." எழுத்துப் பிழை ஏதும் இல்லை என்றேன். "அப்ப ஓகேன்னு ஒரு வார்த்த சொல்லு, ஞாயித்துக்கெழம கல்லுல ஏத்திர்றேன்" என்றாய். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அழைப்பிதழை நீயே கல்லில் வரைந்து, மாடியில் இருக்கும் உன் கை அச்சு மெஷினில் ஒவ்வொரு தாளாக இழுக்கப்போகிறாய். கல்யாணப் பெண் பெனிட்டாவுக்கும் அதில் பெருமை. கல்யாணம் முடிந்ததும் அவளுடைய வேலைக்காக இரண்டு பேரும் பெங்களூருக்குப் போகிறீர்கள், மெஷினும் கல்லும் உங்களோடு வரும் என்றும் சொல்லிவிட்டாய். ப்ரூஃபில் உன் பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறாய். அப்பா வழியில், காலஞ்சென்ற தலைமை ஆசிரியரின் பேரன். அம்மா வழியில், காலஞ்சென்ற லித்தோ ஓவியர் திரு. ஞானமுத்து அவர்களின் பேரன். இரண்டாவது வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். அந்த வரி பொய். பிழை என்று எழுதத்தான் முதலில் கை போயிற்று. ஆனால் பிழை தெரியாமல் நடப்பது. இது தெரிந்தே செய்தது. செய்தவள் நான்.

இந்தப் பொய்யை நான் முதலில் சொன்னது வாயால் என்றாலும், பிறகு அதை அச்சில் போட்டேன். அச்சில் வந்ததற்கு அச்சில்தான் திருத்தம் வர வேண்டும் என்று இத்தனை வருடமாக மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அதனால் இந்தக் கடிதத்தை ஊர் அறியத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் நீ படி. நீ வேண்டாம் என்றால் இது வெளியே போகாது.

குடியாத்தத்தில் உன் தாத்தா வேலை பார்த்த அச்சகத்தில் தீப்பெட்டி லேபிளும் லுங்கி லேபிளும் அச்சிட்டார்கள். மாடியில் ஓவியர்களின் அறை. ஜன்னல், மின்விசிறி, சாய்வு மேசை. அவர்கள் கல்லின் மேல் கொழுப்பு மையால் படத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல் வரைவார்கள். கீழே மெஷின். மெஷினுக்கும் பின்னால், சாக்கடை ஓரத்தில், ஒரு சிமெண்ட் தொட்டி. அங்கேதான் கல் தேய்ப்பார்கள். ஒரு லேபிள் அச்சிட்டு முடிந்ததும் அந்தக் கல் தொட்டிக்கு வரும். மேலே மணலும் தண்ணீரும் போட்டு, அதன் மேல் இன்னொரு கல்லைக் கவிழ்த்து, சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். பழைய படம் முழுக்கப் போய், புதிய படம் வரைய வெறுங்கல்லாக அது மாடிக்குத் திரும்பும். ஓவியர்களுக்கு டீ மாடிக்குப் போகும். தேய்க்கிறவர்கள் வெளியே போய்க் குடித்துவிட்டு வர வேண்டும். ஓவியர்களுக்குப் பெயரோடு 'சார்' இருந்தது, மெஷின்காரர்களுக்குப் பெயர் இருந்தது. தேய்க்கிறவரை "ஏ கல்லு, நாலாம் நம்பர் எட்து வா" என்று கூப்பிட்டார்கள். என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் 'கல்லு'வாக இருந்தார். அவர் ஒரு கோடுகூட வரைந்ததில்லை. மற்றவர்கள் வரைந்ததை அழிப்பதுதான் அவர் வேலை.

உனக்குத் தொழில் தெரியும் என்பதால் இதை எழுதுவது சுலபமாக இருக்கிறது. தேய்த்து முடித்த கல்லில் யாரும் கை வைக்கக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போதும், கல் அதைக் குடித்துவிடும். ஓவியர் வரைந்து, மை போட்டு, அச்சிடும்போது லேபிளில் உள்ள மானின் வயிற்றில் யாருடைய ரேகையோ கறுப்பாக வந்து நிற்கும். அப்படி ஒரு லேபிள் கெட்டால் மாடியிலிருந்து வருகிற முதல் சத்தம் "ஏ கல்லு" என்பதுதான். அதனால் அப்பா கல்லை ஓரத்தில் பிடித்து, முன்னங்கைகளில் தாங்கித்தான் தூக்குவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தட்டை விளிம்பில் பிடிப்பார். என் மார்க் ஷீட்டை இரண்டு ஓரத்திலும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் படிப்பார். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். காய்ச்சலில் கிடந்தால் அவர்தான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், அதுவும் புறங்கையால். உள்ளங்கையை அவர் என் மேல் வைத்து எனக்கு நினைவில்லை. மணலில் தேய்ந்து ரேகையே மழுங்கிப்போன கை அது. சின்ன வயதில் எனக்கு அது அருவருப்பாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், விட்டுவிட்டால் இதுவும் அரைப்பொய் ஆகிவிடும்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டி வலது கை மோதிர விரலில் பாதி போய்விட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், "வலிக்குதாப்பா?" என்று நான் கேட்டதற்கு, "கல்லு ஒடையலம்மா" என்றார். அந்தப் பதில் எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று. அந்தக் கற்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. விரலைவிடக் கல்லுக்குத்தான் அங்கே மதிப்பு. அது அவருக்குத் தெரியும். கல் உடைந்திருந்தால் வேலை போயிருக்கும், என் படிப்பும் போயிருக்கும்.

கல்லூரி விடுதியில் முதல் வாரம், பக்கத்துக் கட்டில் பெண் கேட்டாள், "உங்கப்பா இன்னா பண்றாரு?" அவளுடைய அப்பா டாக்டர். "பிரஸ்ல" என்றேன். "பிரஸ்ல இன்னாவா?" "ஆர்ட்டிஸ்ட்." இவ்வளவுதான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அந்தப் பெண் அடுத்த நிமிடமே அதை மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை, தொடர்ந்தேன். எம்.ஏ. படிக்கும்போது உன் அப்பாவைச் சந்தித்தேன். மூன்று தலைமுறையாக வாத்தியார்கள் இருக்கிற குடும்பம். அவருடைய அப்பா, தலைமை ஆசிரியர், மரியாதையாகத்தான் கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன். அதற்குள் எனக்கு அது பொய் மாதிரியே இல்லை. என் கல்யாண அழைப்பிதழின் வாசகத்தை நானே எழுதினேன். 'லித்தோ ஓவியர் ஞானமுத்து அவர்களின் மகள்' என்று எழுதியதும் நான்தான். உன் ப்ரூஃபில் இருக்கும் வரியை நீ அங்கிருந்துதான் எடுத்திருக்கிறாய்.

அச்சாகி வந்த அழைப்பிதழை அப்பாவிடம் கொடுத்தேன். வழக்கம்போல் விளிம்பில் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்து, மெதுவாகப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நின்றது எனக்குத் தெரிந்தது. பிறகு மேலேயும் கீழேயும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எழுத்து சுத்தமா வியுந்திருக்குமா. மை எங்கயும் ஜாஸ்தி ஆவல" என்றார். திருப்பி என் கையில் கொடுத்தார். அன்றைக்கு அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், வரியை மாற்றியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாற்றியிருக்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு அச்சகத்தின் பெரிய ஓவியர் வந்திருந்தார். சபாபதி என்று பெயர். அப்பா தேய்த்துக் கொடுத்த கற்களில் பாதிக்கு மேல் அவர் வரைந்தவை. பந்தியில் உட்காரும் முன்பு அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார். நான் மேடைக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன்.

"இன்னா ஞானமுத்து, ஆர்ட்டிஸ்ட்டாமே? எப்பலேர்ந்து? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, நான் தொட்டிக்கு வந்திருப்பேனே."

அப்பா சிரித்தார். "பொண்ணு ஆசப்பட்டுச்சி சார். வுட்டுடுங்க."

"நான் இன்னா பண்ணப்போறேன். உன் பொண்ணு, உன் பத்திரிக."

அந்த நேரம் பார்த்து உன் அப்பாவின் சித்தப்பா ஒருவர் காகிதமும் பென்சிலுமாக வந்தார். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை, உற்சாகம்தான். "சம்பந்தி, இவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட்ட வெச்சிக்கினு சும்மா இருக்கலாமா? பொண்ணு மாப்பிள்ளைய ஒரு படம் போட்டுக் குடுங்க. கண்ணாடி போட்டு மாட்டிடலாம்." சுற்றிலும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். அவர் வலது கையை மெல்ல உயர்த்தி, பாதி விரலைக் காட்டினார். "வெரல் போச்சுங்க. அதுலேர்ந்து வரையறதில்ல." அய்யோ என்று எல்லோரும் வருத்தப்பட்டார்கள். சித்தப்பா அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். சபாபதி சார் கையிலிருந்த அழைப்பிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "அவரு கை இல்லன்னா எங் கை ஓடாதுங்க. அது மட்டும் நெசம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார். என் பொய்யைக் காப்பாற்ற அப்பா தன் வெட்டுப்பட்ட விரலைச் சாட்சிக்கு நிறுத்தினார். கல்யாணப் புடவையோடு நான் மேடைக்குப் போய் உட்கார்ந்து சிரித்தேன். போட்டோ இருக்கிறது, பார்த்திருக்கிறாய். "செமயா சிரிக்கிற மா" என்பாய்.

நீ பிறந்து மூன்று மாதத்தில் அச்சகத்தை மூடினார்கள். ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம் முதலாளி. சபாபதி சார் தன் மேசையை எடுத்துக்கொண்டார். அப்பா ஒரு சின்னக் கல்லை எடுத்துக்கொண்டார். அதைச் சாக்கில் சுற்றி, குடியாத்தத்திலிருந்து வேலூரில் நம் வீட்டுக்கு பஸ்ஸில் கொண்டுவந்தார். வந்ததும் அந்தக் கதையைத்தான் முதலில் சொன்னார். "கண்டக்டரு கேக்கறான், 'இன்னா பெருசு, அம்மிக்கல்லா? பொண்ணூட்டுச் சீதனமா?'ங்கறான். அச்சுக்கல்லுப்பான்னேன். 'அச்சோ மிச்சோ, கால்கிட்ட வெச்சிக்க, எவன் கால்லனா வுட்டுடாத'ன்றான்." சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பீரோவுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி அவரே அதைச் சாய்த்து வைத்தார்.

"இத யாரும் தொட வேணாம்மா. தேய்க்கவும் வேணாம்."

"அதுல இன்னாப்பா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. இருக்கட்டும்."

நான் எம்.பில். குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தேன், நீ அழுதுகொண்டிருந்தாய். முப்பது வருடம் கல் தேய்த்த மனிதர் ஒரு கல்லை மட்டும் தேய்க்க வேண்டாம் என்கிறாரே, ஏன் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது முறை கேட்கவில்லை. அவர் உன் கன்னத்தைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் இறந்துபோனார்.

அதன் பிறகு நான் செய்ததற்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது. என் பிஎச்.டி. எதைப் பற்றி என்று உனக்குத் தெரியும். இந்தப் பகுதியில் லேபிள் அச்சிட்ட தொழிலும் அதில் இருந்தவர்களும். வெளிநாட்டுப் பழைய செதுக்குப் படங்களில் இடது ஓரத்தில் வரைந்தவர் பெயரும் வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயரும் இருக்கும், நம் லேபிள்களிலோ முதலாளியின் கம்பெனிப் பெயர் மட்டும்தான் என்று வகுப்பில் எவ்வளவு கோபமாகச் சொல்லுவேன். ஓவியர்களுக்குப் பெயர் மறுக்கப்பட்டது என்று ஒரு முழு இயல் எழுதினேன். சபாபதி சாரை மூன்று முறை போய்ப் பார்த்தேன். கைகாட்டி மரத்தின் மேல் சேவல் நிற்கிற தீப்பெட்டி லேபிள் அவர் வரைந்தது. வாலில் ஓர் இறகை மட்டும் எதிர்ப்பக்கம் வளைத்திருக்கிறேன், அதுதான் என் கையெழுத்து என்று காட்டினார். மூன்று முறையும் அவர் என் அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தார், மூன்று முறையும் நான் பேச்சை மாற்றினேன். கடைசி முறை, "ஒங்கப்பனப் பத்தி எதுனா எழுதுவல்ல?" என்று கேட்டார். எழுதினேன். அடிக்குறிப்பில் ஒரு வாக்கியம்: கல் தேய்ப்பவர்கள் என்று ஒரு பிரிவினரும் இருந்தனர். அதற்கு ஆதாரம் எதையும் காட்டவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் காட்டியிருந்தேன்.

பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்கு, "தாத்தா வரைஞ்சது எதுனா இருக்கா மா?" என்று கேட்டாய். என் கோப்பிலிருந்து அந்தச் சேவல் லேபிளை எடுத்துக் கொடுத்தேன். அப்போது சபாபதி சாரும் இறந்துவிட்டிருந்தார். அவர் ஒளித்து வைத்த இறகையும் நானே உனக்குக் காட்டினேன், தாத்தாவின் கையெழுத்து என்று. ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரிடமிருந்து திருடினேன். நீ அதைச் சட்டம் போட்டு மாட்டினாய். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வரையக் கற்றாய். சென்னையில் ஓவியக் கல்லூரி நேர்காணலில், ஏன் அச்சுக்கலை என்று கேட்டதற்கு, "எங்க தாத்தா லித்தோ ஆர்ட்டிஸ்ட் சார்" என்று சொன்னதாக வந்து சொன்னாய். உன் அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குக் கல்யாணமான முதல் வருடமே எல்லாம் தெரியும். "வுடு, இப்ப அத எதுக்குக் கெளறிக்கினு" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது.

மூன்றாம் வருடம் பீரோவுக்குப் பின்னாலிருந்த கல்லைக் கேட்டாய். எடுத்துக்கொள் என்றேன். தேய்க்க வேண்டாம் என்று தாத்தா சொன்னதை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், ஆனால் மறக்கவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாய். உன்னிடம் 'ஒன்றுமில்லை' என்று சொல்லி நிறுத்த முடியாது.

நீ லேசாக ஒருமுறை தேய்த்துவிட்டு, ஏதோ ஒரு தெருவை வரைந்து அச்சிட்டிருக்கிறாய். அன்றைக்கு நான் தேர்வறைக் கண்காணிப்பு முடித்து ஆசிரியர் அறையில் இருந்தேன். போன் வந்தது. "அம்மா, செம காமெடி. நான் வரைஞ்ச தெருவுக்கு நடுவுல ஒரு கை வருது. எவனோ கல்லுல கைய வெச்சிட்டான் போல. எங்க சார் வேற சிரிக்கிறாரு. போட்டோ அனுப்பறேன் பாரு." பார்த்தேன். வீடுகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில், விரல்களை விரித்த முழு உள்ளங்கை. "எடது கை மா. மோதிர வெரல் பாதிதான் விய்ந்திருக்கு, சரியா அழுத்தல போல" என்று எழுதியிருந்தாய். கல்லில் இருப்பது தாளில் இடம் வலமாக மாறி விழும். தாளில் இடது கை என்றால் கல்லில் வலது கை. விரல் சரியாக அழுந்தாமல் இல்லை. அங்கே விரலே இல்லை.

இது தவறுதலாகப் பட்ட கை இல்லை என்பது பார்த்த நொடியே தெரிந்தது. தவறிப் படுகிற கை ஓரத்தில் படும். இது கல்லின் நட்டநடுவில் இருந்தது. உள்ளங்கை முழுக்கக் கொழுப்பு மை தடவி, வைத்து அழுத்தி, பிறகு ஓவியர்கள் செய்வதுபோலவே கோந்து பூசிக் காய வைத்திருக்கிறார். இல்லாவிட்டால் இருபது வருடம் நிற்காது. மேலே தெரிந்த கறுப்பை மட்டும் துடைத்து எடுத்திருக்கிறார், கொழுப்பு கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. யாரும் கை வைக்கக் கூடாத இடத்தில், அச்சகம் மூடுகிற கடைசி நாளிலோ அதற்கு முன்போ, 'கல்லு' தன் கையை வைத்திருக்கிறார். அவர் போட்ட ஒரே படம் அது. அதைத்தான் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்திருக்கிறார்.

இவ்வளவும் எனக்கு அந்த ஆசிரியர் அறையிலேயே புரிந்தது. நான் வரலாறு படித்தவள், ஒரு தடயத்தைப் பார்த்தால் என்னவென்று தெரியும். உன்னிடம் சொல்ல வேண்டுமென்றால் விரலைச் சொல்ல வேண்டும், விரலைச் சொன்னால் தொட்டியைச் சொல்ல வேண்டும், சேவல் லேபிளைச் சொல்ல வேண்டும். 'நன்றாகத் தேய்த்துவிடு' என்று பதில் அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாய். "எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேங்குது மா. பேஜாரா கீது. மூணாவது வாட்டி." அது எனக்கு இன்னொரு முறை கொடுக்கப்பட்ட சந்தர்ப்பம். "இன்னும் தேய்" என்றேன். ஐந்தாம் நாள் செய்தி வந்தது: 'போய்ட்டுது மா! கல்லு கண்ணாடி மாரி ஆய்ட்டுது.' நான் போனில் இருக்கிற கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அன்றைக்கு நான் அனுப்பிய கை அதுதான்.

அந்தப் போட்டோவை நான் அப்போதே அழித்துவிட்டேன். போன மாதம் நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேச்சோடு பேச்சாக, "அந்தக் கை விய்ந்த ப்ரூஃப் எங்கனா இருக்காடா?" என்று கேட்டேன். "அத எவன் மா வெச்சிருப்பான்? மை தொடைக்க எட்துக்கினோம். அந்த போனும் போச்சு. ஏன் கேக்கற?" என்றாய். "ஒண்ணும் இல்ல" என்றேன். சொல்லும்போதே அப்பாவின் குரல் மாதிரி இருந்தது. நீயும் என்னைப்போலவே இரண்டாவது முறை கேட்கவில்லை. ரசத்தை ஊற்றச் சொன்னாய்.

கல்யாணத்துக்கு முன்பு மகனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான். பெனிட்டா 'ஒண்ணும் இல்ல' என்று சொன்னால் இன்னொரு முறை கேள். அவள் எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை. அவளிடம் உன்னைப் பற்றிச் சின்னதாக ஒரு பொய் சொல்லியிருந்தால், கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சொல்லிவிடு. பொய் பெரிதானதால் நான் சொல்லாமல் இருக்கவில்லை. அது சின்னதாக இருந்தபோது சொல்லவில்லை, பிறகு அதன் மேல் எல்லோரும் வீடு கட்டிவிட்டார்கள். நீயும் கட்டிவிட்டாய். உன் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது என்று நினைத்துத்தான் நான்கு நாளாக உட்கார்ந்திருந்தேன். இதைப் படித்தபின் நீ என்னோடு பேசாமல் போகலாம். கல்யாணத்தில் முன் வரிசையில் உட்காராதே என்று சொல்லலாம். நான் வாதாட மாட்டேன். ஆனால் தெரியாமல் நீ அந்தக் கல்லைப் பெங்களூருக்குக் கொண்டுபோகக் கூடாது. உன் கையாலேயே நான் அதை அழிக்க வைத்தேன் என்பதை இன்னொருவர் சொல்லி நீ தெரிந்துகொள்ள வழியில்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

இன்று காலை ஜெபம் முடித்ததும் உன் மாடி அறைக்குப் போனேன். அழைப்பிதழுக்காக நீ போன வாரமே மறுபடி தேய்த்து வைத்த அதே கல் மேசை மேல், துணி போர்த்தி இருந்தது. துணியை எடுத்தேன். ஜன்னலைத் திறந்து, ஓரங்களில் மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். ஏதாவது மிச்சம் இருக்காதா என்று. சின்ன விரலின் நுனியாவது, உள்ளங்கையின் ஒரு மேடாவது. என் கையை அங்கே வைக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. வைக்கவில்லை. அந்த இடம் என் கைக்கு உரியது இல்லை.

ஒரு கீறல் இல்லை. ஒரு மேடு பள்ளம் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக இருந்தது. அப்பா தேய்த்த கற்களை மாடியில் சபாபதி சார் இப்படிச் சாய்த்துப் பார்த்து, குறை சொல்ல எதுவும் கிடைக்காமல், தலையை மட்டும் ஆட்டுவாராம். உனக்கு வரையத்தான் தாத்தாவிடமிருந்து வந்தது என்று இத்தனை வருடம் நம்பினாய். அது உன்னுடையது, நீயே சம்பாதித்தது. அவரிடமிருந்து வந்தது வேறு. அவரையே தடம் இல்லாமல் போக்கும் அளவுக்கு, அவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறாய்.

ப்ரூஃபை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு திருத்தம். 'லித்தோ ஓவியர்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'கல் தேய்ப்பவர்' என்று எழுதியிருக்கிறேன். எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டாம்.